பத்து சென்டிமீட்டர் கோடு

தன் புருஷன் அய்யாவுக்குப் பொய் சொல்ல வராது என்று முப்பத்தேழு வருஷமாகக் கிள்ளானில் தெலுக் பூலாய் வட்டாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நல்லம்மாள். புருஷன் கோபக்காரர், பிடிவாதக்காரர், வாயைத் திறந்தால் பாதி வசவாகத்தான் வரும். எல்லாம் வாஸ்தவம். ஆனால் பொய் மட்டும் கிடையாது. செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து கிள்ளான் கடைகளுக்கு இருபத்தெட்டு வருஷம் காய்கறி லோரி ஓட்டினார். தக்காளிப் பெட்டி நசுங்கியிருந்தால் முதலாளி திறந்து பார்ப்பதற்கு முன்னாலேயே, என் தப்புதான், பிரேக்கைப் போட்டு அழுத்திவிட்டேன் என்று ஒப்புக்கொண்டுவிடுகிற ஆள். இவரைக் கட்டிக்கொண்டதில் தனக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான் என்று பக்கத்து வீட்டுக் குமுதாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் அறுபத்து மூன்று வயதில் பொய் சொல்ல ஆரம்பித்தார். அதையும் வாயால் சொல்லவில்லை. பென்சிலால் சொன்னார்.

எல்லாம் ஒரு காய்ச்சலில் தொடங்கியது. வருஷக் கடைசி மழையில் கிள்ளான் ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடிய வாரம் அது. வலது விலாவில் குத்துகிறது என்றார். காற்றுப் பிடிப்பு என்று தீர்ப்பும் அவரே சொல்லிக்கொண்டார். நல்லம்மாள் தைலம் போட்டு உருவிவிட்டாள். காய்ச்சலுக்கு இரண்டு பனடோல் மாத்திரை விழுங்கிவிட்டு லோரி எடுக்கப் போனார். பத்து நாள் இப்படியே ஓட்டினார். பதினோராம் நாள் லோரியில் ஏற முடியாமல் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. குமுதாவின் புருஷன் லோகன்தான் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனான். கிள்ளான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

எக்ஸ்ரே படத்தில் நெஞ்சின் வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர் கமலநாதன். சின்ன வயசு டாக்டர், கிள்ளான்காரர்தான், நிதானமாகப் பேசினார். விலாவில் துளை போட்டு ஒரு டியூப்பைச் சொருகி, கட்டிலுக்கு அடியில் போத்தலில் விட்டார்கள். இரண்டு கரண்டி அளவு வடிந்துவிட்டு நின்றுபோனது. உள்ளே சீழ் அறை அறையாகப் பிரிந்து இறுகிக்கொண்டதாம்.

அன்றைக்குத்தான் நல்லம்மாள் மகளைக் கூப்பிட்டாள்.

மாதவி அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷனை விட்டுவிட்டு ஒரு பையோடு வந்து நின்றாள். புருஷன் வேறு யாருமில்லை, அய்யாவு தன் அக்காளுக்கு வாக்குக் கொடுத்துக் கட்டிவைத்த அக்காள் மகன் சுகுமாறன். அக்காள் முகத்தில் எப்படி முழிப்பது என்கிற ஆத்திரத்தில், "அவன் வீட்டுக்கே திரும்பிப் போ. இல்லாட்டி இந்த வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அவளும் அவர் பெற்ற பெண்தானே. கீழே வைத்த பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காஜாங்கில் வாடகை வீடு பிடித்து, எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலையும் தேடிக்கொண்டாள். சுகுமாறன் கை நீட்டுகிறவன் என்பது இரண்டு வருஷம் கழித்து, அவன் இரண்டாவதாகக் கட்டியவள் போலீசுக்குப் போனபோதுதான் வெளியே தெரிந்தது. அன்றைக்கு அய்யாவு சாப்பிடவில்லை. அவ்வளவுதான். மகளைக் கூப்பிடவும் இல்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் மகள் பேச்சை எடுப்பதில்லை. நல்லம்மாள் விடியலில் இடியப்பம் அவித்துச் சந்தை முனைக் கடைக்குக் கொடுக்கிறவள். மாவு மூட்டை வைக்க இடம் வேண்டும் என்று மாதவியின் அறையில் கொண்டுபோய் அடுக்கினார்கள். ஆனால் கட்டிலை மடக்கவில்லை. மெத்தை உறையை மாதம் ஒரு தடவை நல்லம்மாள் துவைத்துப் போட்டாள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

மாதவி அன்று சாயங்காலமே தொழிற்சாலைச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வந்தவள் நேராகக் கட்டிலருகே போய், அவர் இருமித் துப்புவதற்குக் கிண்ணத்தை எடுத்து மோவாயருகே பிடித்தாள். அய்யாவு துப்பிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு நல்லம்மாளைப் பார்த்தார். இவளை யார் கூப்பிட்டது என்று கேட்பார் என நல்லம்மாள் பயந்துகொண்டிருந்தாள். அவருக்கு மூச்சு இல்லையோ, மனசு இல்லையோ, கேட்கவில்லை.

மறுநாள் ஷாமினி என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்தாள். வார்டு மிஸ்ஸி இல்லை, புது மருந்துகளைச் சோதிக்கிற ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்தவள். விஷயத்தைத் தமிழிலேயே விளக்கினாள். டியூப் வழியாக உள்ளே செலுத்துகிற மருந்து ஒன்று இருக்கிறது. அறைகளைக் கரைத்துச் சீழை இளக்கி வெளியே கொண்டுவரும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதைச் சோதிக்கிறார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். வழக்கமான ஊசி மருந்து எல்லோருக்கும் உண்டு. ரத்தக் கசிவு வரலாம், வலி வரலாம், வேண்டாம் என்றாலும் கவனிப்பில் ஒரு குறையும் வைக்கமாட்டோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எனக்கு ஏறப் போறது மருந்தா, தண்ணியா?" என்று கேட்டார் அய்யாவு.

"எனக்கும் தெரியாது அங்கிள். டாக்டருக்கும் தெரியாது. எல்லாரோடதும் முடிஞ்சு கடைசியிலதான் திறந்து பாப்பாங்க."

அவருக்கு அது பிடித்திருந்தது. யாருக்கும் தெரியாது என்று நேராகச் சொல்கிறார்களே. கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், மனைவியிடம், "அவ என்ன சொல்றா?" என்றார். மாதவி மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அம்மாவைப் பார்த்து, "போட்டுப் பாக்கலாம்னு சொல்லுங்கம்மா" என்றாள். மூன்றடிக்கு நடுவில் தான் ஒரு தபால்காரி என்று நல்லம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அய்யாவு கையெழுத்துப் போட்டார்.

மூன்று நாள், நாளைக்கு இரண்டு வேளை. ஊசிக்குழலில் இருந்ததை டியூப் வழியாக உள்ளே ஏற்றி, ஒரு மணி நேரம் டியூப்பைக் கிடுக்கி போட்டு அடைத்து வைப்பார்கள். அந்த ஒரு மணி நேரமும் நோயாளியைக் கால் மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தால் மருந்து எல்லாப் பக்கமும் போகும் என்றாள் ஷாமினி. மாதவி தினமும் வேலை முடிந்து நேராக வந்து, கைப்பேசியில் மணி பார்த்துப் பார்த்து அவரைப் புரட்டினாள். ஒரு கை தோளில், ஒரு கை முதுகில். கிடுக்கியை எடுத்ததும் போத்தலில் மஞ்சளும் சிவப்புமாகக் குபுகுபுவென்று இறங்கும். மூன்றாம் நாளைக்குள் மூன்று போத்தல் மாற்றினார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ரசம் சோறு கேட்டார், அதில் உப்பில்லை என்று வைதார். ஆள் பிழைத்துக்கொண்டார் என்று நல்லம்மாளுக்கு அப்போதுதான் தெம்பு வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஷாமினி ஒரு நீல நிறக் கையேடு கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு இரண்டு கோடு, ஒவ்வொன்றும் சரியாகப் பத்து சென்டிமீட்டர். மேல் கோடு வலிக்கு, கீழ்க் கோடு மூச்சுத் திணறலுக்கு. இடது முனை என்றால் ஒன்றுமே இல்லை. வலது முனை என்றால் தாங்கவே முடியவில்லை. தினமும் சாயங்காலம் எந்த இடமென்று தோன்றுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு சின்ன வெட்டு வெட்ட வேண்டும். அவர்தான் போட வேண்டும், வேறு யாரும் கை வைக்கவோ, இவ்வளவு போடுங்கள் என்று சொல்லவோ கூடாது. மூன்று மாதத்துக்கு இப்படி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கையேட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும். கூட வருகிறவர் என்ற இடத்தில் மாதவி தன் பெயரையும் நம்பரையும் எழுதினாள்.

அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமைதோறும் காஜாங்கிலிருந்து ரயிலேறி, கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் மாறி, வீட்டுக்கும் வந்தாள். முதல் சனிக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு கணம் தயங்கி நின்றதை நல்லம்மாள் பார்த்தாள். அய்யாவு செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் வரவேற்பை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மாதவி உள்ளே வந்தாள்.

அந்தச் சனிக்கிழமைகளை நல்லம்மாள் வாரம் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பாள். வறுத்த மாவில் கொதிநீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, சூடு ஆறும் முன்னே இடியப்ப உரலில் அடைத்துப் பிழிய வேண்டும். கொஞ்சம் ஆறினாலும் கட்டையாகிவிடும், பிழிகிற கை தோள்வரை கடுக்கும். மாதவி உரலை வாங்கிக்கொள்வாள். பிரம்புத் தட்டில் வெள்ளை நூலாகச் சுற்றிச் சுற்றி விழும். அடுப்பில் ஆவி, ஜன்னல் கண்ணாடியில் வியர்வை. தொழிற்சாலையில் யாருக்கும் யாருக்கும் சண்டை, காஜாங்கில் மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று மகள் பேசிக்கொண்டே இருப்பாள். தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு ஒரு தட்டை அப்பாவுக்கு அவளே கொண்டுபோய் வைப்பாள். "சூடா இருக்குன்னு சொல்லுங்கம்மா." "வெச்சிட்டுப் போகச் சொல்லு." இவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் மகள் வீட்டுக்குள் நடக்கிற சத்தம் கேட்டாலே நல்லம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆறு வருஷமாக அந்தச் சத்தத்துக்காகத்தான் ஏங்கிக் கிடந்திருக்கிறோம் என்று அது திரும்பி வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஏழாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் இருபத்தைந்து கிலோ மாவு மூட்டை வந்து வாசலில் கிடந்தது. லோகன் வந்ததும் தூக்கி வைக்கச் சொல்லலாம் என்று நல்லம்மாள் குளிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மூட்டை மாதவியின் அறையில் இருக்கிறது. அய்யாவு வாய்க்குள் ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். இழைப்பு இல்லை, இருமல் இல்லை. சாயங்காலம் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழ்க் கோட்டில் கவனமாக ஒரு வெட்டு வெட்டினார். தேநீர் கொண்டுவந்த நல்லம்மாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வெட்டு வலது கோடிக்குப் பக்கத்தில் இருந்தது.

இதென்ன இவ்வளவு தூரத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, உள்ளுக்குள் இருப்பது உனக்கு எப்படித் தெரியும், மிஸ்ஸி சொன்னது மறந்துபோச்சா, கை வைக்காதே என்று சிடுசிடுத்தார். அவர் தூங்கிய பிறகு கையேட்டைப் புரட்டினாள். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, வெட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாதா. முதல் இரண்டு வாரம் வெட்டுகள் ஒழுங்காக இடது பக்கம் நகர்ந்து வந்திருந்தன. மூன்றாவது வாரத்திலிருந்து திரும்பி வலது பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டன. சனிக்கிழமை மகள் அடுக்களைக்குள் போகும் முன் அந்தக் கையேட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பாள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. மூன்றாவது வாரம் மாதவி, அப்பாவுக்குத் தேவலாம் போலிருக்கிறதே, இனிமேல் மாதம் ஒரு தடவை வந்தால் போதுமா என்று கேட்டதும் நினைவு வந்தது.

கையேட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். மனுஷன் இப்படிப் பண்ணுகிறாரே என்று கோபம் வந்தது நிஜம். ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை. அந்தப் பொய்யின் இனிப்பு அவள் நாக்கிலும் ஒட்டியிருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் படுத்துவிட்டாள். அடுத்த வாரமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி நாள். ஷாமினி கையேட்டை விரித்து, சின்ன ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வெட்டாக அளந்து எழுதினாள். எழுத எழுத அவள் நெற்றி சுருங்கியது. டாக்டர் கமலநாதன் எக்ஸ்ரேவைப் பார்த்தார், முதுகில் கருவியை வைத்து ஸ்கேன் பண்ணினார். படம் நன்றாக இருக்கிறது, சீழ் இல்லை என்றார். ஆனாலும் அங்கிளுக்கு மூச்சு இவ்வளவு திணறுகிறது என்றால் படத்தை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. நுரையீரல் மேல் தடிப்பாகத் தோல் படர்ந்து, விரியவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கலாம். பெரிய ஸ்கேன் எடுத்து, அறுவை டாக்டரைப் பார்க்கச் சொல்லலாம். தேவைப்பட்டால் நெஞ்சைத் திறந்து அந்தத் தோலை உரிக்க வேண்டியிருக்கும்.

மாதவியின் முகம் வெளுத்துவிட்டது. நல்லம்மாள் புருஷனைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "சரி டாக்டர், செஞ்சிடுங்க" என்றார்.

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைக் கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே நல்ல வெயில். இலை போட்டுச் சோறு வைத்ததும் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள் என்று மாதவி ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"நெசமாவே வெட்டிக்கப் போறீங்களா?" என்றாள் நல்லம்மாள்.

"டாக்டர் சொல்றாரு."

"டாக்டர் எங்க சொன்னாரு? உங்க பென்சில் சொல்லுது. மாவு மூட்டைய தூக்கி உள்ள வெச்சது யாரு? பேயா?"

அய்யாவு சாம்பாரைச் சோற்றில் இழுத்துப் பிசைந்தார். "நெஞ்ச தொறந்தா எத்தன நாள் படுக்கணும்?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும். பத்து நாளோ பதினஞ்சு நாளோ. அப்புறம் வீட்டுல ஒரு ரெண்டு மாசம்."

"மொதல்ல படுத்திருந்தப்ப தெனமும் வந்தா. வேல முடிஞ்சு, சாப்பிடாம கூட." பிசைந்த சோற்றை அவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "முதுகுல கைய வெச்சு பொரட்டி விட்டா, நல்லம்மா. சின்னப் புள்ளைய பொரட்டுற மாதிரி."

"அதுக்கு நெஞ்ச பொளந்துக்குவீங்களா? கூப்பிட்டா வரப் போறா."

"எந்த வாய வெச்சுக் கூப்புடறது?" என்றார் அய்யாவு. "வராதன்னு சொன்னது இந்த வாய்தானே."

நல்லம்மாள் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். அதற்குள் மாதவி வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாரம் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டிருக்கிறாளாம், சூப்பர்வைசர் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றானாம். "அப்பாவ பயப்பட வேணாம்னு சொல்லுங்கம்மா. ஆப்பரேஷன் அன்னிக்கு நான் பக்கத்துலயே இருப்பேன். அப்புறம் வீட்டுலயே வந்து தங்கிக்கறேன்."

அந்தக் கட்டிலை மடக்காமல் வைத்திருந்தது இதற்காகத்தானே. நல்லம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மகள் வந்து அதில் படுப்பாள். இரண்டு மாதம் காலையில் எழுந்ததும் அவள் முகத்தில் முழிக்கலாம். நல்லம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. அவர் விலாவில் கத்தி வைப்பதை நினைத்துப் பார்த்தாள். அவளால் முடியவில்லை.

"மாதவி, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "நல்லா மூச்சு விடறாரு, மூட்ட தூக்கறாரு. நீ வரணும்னு கோட்ட தள்ளித் தள்ளிப் போட்டிருக்காரு. எனக்கும் தெரியும். ரெண்டு வாரமா தெரியும்."

மாதவி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் யாரோ அப்பளம் கேட்டார்கள். அவள் இலையை மூடிவிட்டு, ஷாமினிக்கு ஃபோன் போட்டு, மேசையில் அப்பாவுக்கு முன்னால் வைத்தாள். "மிஸ்ஸிகிட்ட அவரையே சொல்லச் சொல்லுங்க."

அய்யாவு இடது கையால் ஃபோனை எடுத்தார். தக்காளி நசுங்கியதைச் சொல்கிற அதே குரலில் சொன்னார். "மூணாவது வாரத்துலருந்து நான் போட்டதெல்லாம் பொய்ம்மா. மூச்சு நல்லாத்தான் இருக்கு." ஷாமினி வையவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி அங்கிள் என்றாள். போட்ட கோடு எதையும் அழிக்கமாட்டோம், இப்படி நடந்தது என்று பக்கத்தில் குறிப்பு எழுதி டாக்டரிடம் காட்டுவேன், இந்த மருந்து நாளைக்கு எத்தனையோ பேருக்குப் போகப் போகிறது, அதனால் இனிமேல் உள்ளதை உள்ளபடி போடுங்கள் என்றாள். அவர் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கேஎல் சென்ட்ரல் வரைக்கும் மாதவி முன்னால் நடந்தாள், இவர்கள் பின்னால் போனார்கள். டிக்கெட் வாங்கி, கீழே இறங்குகிற நகரும் படிக்கட்டுப் பக்கம் வந்ததும் மாதவி நின்றாள். கிள்ளானுக்கு ஒரு பக்கம், காஜாங்குக்கு ஒரு பக்கம்.

"மூணு மாசமா செத்து செத்துப் பொழைக்கறேன்ம்மா" என்றாள். "அந்த கோட்ட பாத்துட்டுப் போனா வாரம் முழுக்க தூக்கம் வராது. அப்பா போயிடுவாரு, என்கூட ஒரு வார்த்த பேசாமலே போயிடுவாருன்னு. ஃபோன் அடிச்சாலே அப்பாவுக்கு என்னமோன்னு ஓடறேன். நல்லா இருக்காரு இல்ல? இருக்கட்டும்." அழுகையை அடக்கிக்கொண்டு படியில் கால் வைத்தாள். அய்யாவு கையை ஒரு அங்குலம் தூக்கினார். கூப்பிடவில்லை. மகளின் தலை கீழே போய் மறைந்தது.

அடுத்த சனிக்கிழமை மாதவி வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நல்லம்மாள் ஃபோன் பண்ணினால் எடுப்பாள், வேலை இருக்கிறது என்பாள், வைத்துவிடுவாள். நல்லம்மாள் தனியாக மாவு கிளறித் தனியாகப் பிழிந்தாள். அய்யாவு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ரயில் வருகிற நேரமெல்லாம் தெரு முனையைப் பார்த்தார். சாயங்காலம் கையேட்டில் இரண்டு வெட்டும் இடது கோடியை ஒட்டி விழுந்தன. ஆஸ்பத்திரிக்கு லோகன் கூட வந்தான். அறுவை டாக்டரைப் பார்க்க வேண்டாம், நுரையீரல் அழகாக விரிந்திருக்கிறது என்றார் டாக்டர் கமலநாதன். அந்த நல்ல செய்தியைக் கேட்டு அய்யாவு இருந்த இருப்பைப் பார்த்தவர்கள், ஏதோ கெட்ட செய்தி என்றே நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை இடியப்பக் கூடையைக் கடைக்கு அனுப்பிவிட்டு நல்லம்மாள் திரும்பியபோது, அவர் வெளுத்த சட்டை போட்டு, தலை சீவி, கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"காஜாங்ல எறங்கி எப்படிப் போவணும்?" என்று கேட்டார்.

நல்லம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நான் கூட்டிட்டுப் போறேன். எனக்குத் தெரியும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மாசா மாசம் பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போறேன்னு எங்க போனேன்னு நெனச்சீங்க?"

அய்யாவு அவளை மேலும் கீழும் பார்த்தார். ஆறு வருஷத்துப் பௌர்ணமிகளை எண்ணிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. வையப் போகிறார் என்று நினைத்தாள். "கெட்டிக்காரி" என்றார். அவ்வளவுதான்.

ஒன்றரை மணி நேர ரயில். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மாதவி இருப்பது நாலாவது மாடி. பழைய அடுக்குமாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடி ஒரே மூச்சில் ஏறிவிட்டார். இரண்டாவதில் சுவரைப் பிடித்தார். மூன்றாவது மாடியில் துணி காய்கிற கம்பிக்குக் கீழே நின்றுவிட்டார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. மூன்று மாதமாக வீட்டோடு கிடந்தவர், என்னதான் தேறினாலும் உடம்பு உடம்புதானே. கொஞ்சம் உட்காருங்கள் என்றாள் நல்லம்மாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏறினார்.

கதவைத் தட்டியதும் உள்கதவு திறந்தது. இரும்புக் கிரில் பூட்டியிருந்தது. மாதவி கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று, முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். வியர்வையில் சட்டை நனைந்து, வாய் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு? மறுபடி மூச்சு முட்டுதாம்மா?" என்றாள் பதறிப்போய்.

நல்லம்மாள் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை தபால் எடுத்துப் போகமாட்டேன் என்று ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அய்யாவு கம்பியைப் பிடித்துக்கொண்டார். பேச மூச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"முட்டுது. படி ஏறுனதுக்கு. செத்த நேரத்துல சரியாயிடும்" என்றார், மகளைப் பார்த்து. "அதுக்கு வரலம்மா. ஒன்னப் பாக்கணும்னு இருந்துச்சு. ஆறு வருஷமா இருக்கு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அத சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

மாதவி கம்பிக்கு இன்னும் கிட்டே வந்தாள். கிரில்லைத் திறக்கக் கை போனது. பூட்டைப் பார்த்தாள், சுவரில் சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது. மேசை மேல் தேடினாள், பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சில்லறையும் சீப்பும் தரையில் உருண்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். அங்கே இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"சாவிய எங்கயோ வெச்சிட்டேன்ப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போயிடாதீங்க."

"இங்கதாம்மா நிக்கறேன்" என்றார் அய்யாவு.